அலரிப்பூவில் செய்த ஆயுதம்

அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தை அருந்ததி மருந்தகத்துப் பின்வாசலில் நின்றபடியே உடைத்து வாசித்தாள். முதல் பக்கத்தில் சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்று காது சூடாகியது. கடைசி வரிகளுக்கு வந்தபோது கையிலிருந்த மருந்துக் கரண்டியை மேசையில் போட்டுவிட்டு, "மாமி! கணக்கும் துவக்கும் ஒண்டாம், கேட்டியளோ!" என்று கத்திக்கொண்டு அடுத்த வளவுக்கு ஓடினாள்.

அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த இரத்தினம்மா, அவளுடைய தகப்பனின் தங்கை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "உனக்குப் படிப்புத்தானடி வருத்தம்," என்றாள்.

கடிதம் எழுதியவன் அருந்ததியின் தம்பி தில்லைநாதன். அமெரிக்காவில் கணிதம் படிக்கப் போனவன். எழுத்தைப் பூட்டி அனுப்பும் மென்பொருள் ஒன்று அங்கே கிடைக்கிறதாமே, ஒரு கணினித் தட்டில் போட்டு அனுப்பு என்று அவள் அவனைக் கேட்டிருந்தாள். அவனுடைய பதில் இதுதான்: 'அக்கா, நீ கேட்ட பொருள் இந்த நாட்டுச் சட்டத்தில் ஆயுதம். துவக்கும் பீரங்கியும் ஏவுகணையும் இருக்கும் அதே பட்டியலில்தான் அதுவும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் நான் ஆயுதம் கடத்தியவன் ஆவேன். மாணவ விசாவில் இருக்கிறவனை மன்னித்துவிடு.'

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில், வலிகாமத்து வானத்திலிருந்து குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம். அந்தக் குண்டுகளில் ஒன்றையாவது இந்தத் தீவில் எவனும் வார்த்ததில்லை. அவை எல்லாம் எங்கோ செய்யப்பட்டு, முறையாக உரிமம் பெற்று, முத்திரை குத்தப்பட்டுக் கப்பலில் வந்தவை. மனிதனைக் கொல்லும் இரும்புக்கு வழி திறந்திருந்தது. மனிதனின் பெயரைக் காக்கும் கணக்குக்கு மட்டும் வழி மூடியிருந்தது. அருந்ததிக்குக் காது சூடாகியதில் என்ன அதிசயம்?

அவளுக்கு அந்தப் பூட்டு எதற்கு என்று சொல்ல, அவளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும்.

இணுவிலில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தின்போது ஒருநாள் விழுந்து கைகால் இழுத்து நுரை தள்ளினாள். ஓடிவந்தவர்கள் அவள் கையில் இரும்புத் திறப்புக்கோர்வையை, சாவிக்கொத்தை, திணித்தார்கள். பிறகு வேப்பிலைக்காரன் ஒருவன் வந்து, பேயை விரட்டுகிறேன் என்று பிள்ளையை அடித்தான். ஒரு மாதம் அடி. ஒரு மாதமும் வலிப்பு வந்தது. கடைசியில் தகப்பன் சோமசேகரம் அவளைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போனார். வைத்தியர் கொடுத்தது சின்ன வெள்ளைக் குளிசை. வலிப்பு நின்றது. அந்தச் சின்னப் பிள்ளை அன்றே கண்டுகொண்டாள்: பேயும் பொய், வேப்பிலையும் பொய், குளிசை மெய். அதன் பின் அகப்பட்டதையெல்லாம் வாசித்தாள். விஞ்ஞானப் பட்டம் பெற்றாள். மருந்தாளராகி ஊர் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று பெயரெடுத்தாள்.

வலிப்பு எப்போதோ மாறிவிட்டது என்று ஊர் நினைத்தது. ஆனால் ஒன்றை மட்டும் அவள் எவருக்கும் சொல்லவில்லை. தினமும் அந்தக் குளிசையை விழுங்குகிறாள் என்பது மாமிக்கும், கொழும்பிலிருந்த டொக்டர் பொன்னம்பலத்துக்கும் மட்டுமே தெரியும். பொய் சொல்லிக் கலியாணம் கட்ட மனம் வரவில்லை, ஆகவே கட்டவில்லை. உண்மையைச் சொல்லி வேலை செய்யவும் வழியில்லை. 'வலிப்புக்காரி மருந்து நிறுக்கிறதோ' என்று ஊர் கேட்கும், மருந்தகச் சபைத் தலைவர் செல்வநாயகம் மறுநாளே கதவைச் சாத்துவார்.

அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தபின் அந்தக் குளிசைக்கும் தட்டுப்பாடு வந்தது. டொக்டர் பொன்னம்பலம் கொழும்பில் ஒரு தரும நிதியைப் பிடித்தார். நிதி கொடுப்பவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒவ்வொரு நோயாளியின் பெயர், ஊர், மருந்தளவு மூன்றும் வேண்டும். அருந்ததி பட்டியல் எழுதி அனுப்பினாள். அது கிளாலிக் கடல் தாண்டி, வவுனியா தாண்டி, கைமாறிக் கைமாறிப் போயிற்று. போன வழியில் எவனோ பிரித்து வாசித்தான். சண்டிலிப்பாயில் தாலிக்குப் பொன்னுருக்கு முடிந்திருந்த ஒரு கலியாணம் குழம்பிற்று.

அதன் பின் எவரும் உண்மைப் பெயர் சொல்லவில்லை. வந்தவன் எல்லாம் முருகேசு என்றான். அருந்ததி தன்னையே 'சின்னத்தங்கம், சுதுமலை' என்று எழுதிக்கொண்டாள். அப்படி எழுதிய கையை அன்று முழுக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. டொக்டர் பொன்னம்பலம் எழுதினார்: 'உங்கள் ஊரில் இந்த நோய் முருகேசுகளுக்கு மட்டும்தான் வருமா என்று கேட்கிறார்கள். உண்மைப் பெயர் வரும்வரை மருந்து இல்லை.'

குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் பழைய வலிப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். அலுமாரியில் இருந்த போத்தல்களைப் பார்த்துப் பார்த்து அவள் தன் அளவைப் பாதியாக்கினாள். கையில் கொஞ்சம் நடுக்கம் தொடங்கியது. மாமி கண்டும் காணாததுபோல் இருந்தாள்.

தம்பியின் கடிதத்தில் கடைசியாக நாலு வரி இருந்தது. அவளை ஓடவைத்தது அந்த நாலு வரிதான். 'மென்பொருளை அனுப்பத்தான் தடை. எந்த நூலகத்திலும் இருக்கிற கணக்கைச் சொல்லத் தடையில்லை. பூட்டப் போகும் செய்தியின் நீளத்துக்குத் திறப்பும் இருக்கட்டும். அது எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்ததாக இருக்கட்டும். ஒருமுறைதான் பயன்படட்டும். அப்படியானால் உலகத்தில் எவனாலும் அதை உடைக்க முடியாது.'

"அப்ப நானே செய்யிறன்!" என்றாள் அருந்ததி.

"என்னத்தையடி?"

"ஆயுதம், மாமி. ஆயுதம்!"

"அதொண்டுதான் இந்த ஊரிலை குறைச்சல்," என்றாள் மாமி.

தில்லைநாதன் போகும்போது விட்டுப்போன பழைய கணினி ஒன்று சாக்கு மூடிக் கிடந்தது. உரும்பிராயில் வானொலி திருத்தும் ஒருவர் அதைக் கார் பற்றறியில் ஓட வைத்துக் கொடுத்தார். அருந்ததி வேலை முடிந்து வந்து, பொழுதுபடும்வரை அதன் முன்னால் இருந்தாள். மென்பொருள் சின்னதுதான். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் ஐந்து குறிகளாக, பூச்சியமும் ஒன்றுமாக, எழுது. குறி ஒவ்வொன்றுக்கும் தற்செயலாக வெள்ளை அல்லது சிவப்பு என்று ஒன்றை எடு. வெள்ளை வந்தால் குறியை அப்படியே விடு, சிவப்பு வந்தால் மாற்று. முடிந்தது. திறக்கவேண்டுமா? அதே வெள்ளை சிவப்பு வரிசையை வைத்து மறுபடி மாற்று.

ஆனால் ஒழுங்கே இல்லாத வெள்ளை சிவப்புக்கு எங்கே போவது? கணினியையே கேட்டாள். அது மளமளவென்று சொல்லிற்று. பற்றறி இறங்கி நின்றுபோயிற்று. மாற்றிப் போட்டுத் திரும்பக் கேட்டாள். தேவாரம் பாடமாக்கிய பிள்ளைபோல் அது முந்திய வரிசையையே ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தது. பிறகு நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாள். மருந்துக்கு வந்த சனம் அவளைப் பார்த்துவிட்டு ஒன்றையொன்று பார்த்தது. வேலைக்கு நடுவில் ஒரு பெயருக்குச் சுண்டி முடிக்கவே அரைநாள் போயிற்று.

அப்போதுதான் அவள் மாமியைப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பார்த்துப் பழகிய மாமியை அன்றுதான் பார்த்தாள்.

வெளிவீதியில் ஒரு சின்ன வைரவர் கோயில். அதன் பக்கத்தில் பனையோலைப் பூக்கடகத்தோடு மாமி இருப்பாள். சனம் வந்து பூக்கட்டிப் பார்க்கும். வெள்ளலரி ஒன்று, செவ்வலரி ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரியான வாழையிலைத் துண்டில் மடித்துக் கட்டி, குலுக்கி, சுவாமிக்கு முன்னால் போடுவது. ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் ஓம், சிவப்பு வந்தால் இல்லை. கொழும்புக்குப் போகலாமோ? பெடியனை வெளியிலை அனுப்பலாமோ? வீட்டை விட்டுப் போகலாமோ, இருக்கலாமோ? நாளை என்பது எவருக்கும் தெரியாத நாட்டில் கேள்விக்கு என்ன பஞ்சம்? விடிந்தால் பொழுதுபட்டால் சனம். அரசாங்கமும் பதில் சொல்லாது, துவக்கு வைத்திருந்தவர்களும் பதில் சொல்லார்கள். சனம் அலரிப்பூவைக் கேட்டது.

அருந்ததி எத்தனையோ தடவை சண்டை பிடித்த வழக்கம் அது. இப்போது அவள் வாய் பிளந்து நின்றாள். இரண்டும் ஒரே பூ, ஒரே எடை, ஒரே மடிப்பு. எது வரும் என்று எவனாலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பட்டியலில் வைத்துப் பூட்டியிருந்த பொருள் இணுவிலில் கடகம் கடகமாக விளைந்துகொண்டிருந்தது!

"மாமி, எனக்கு ஒரு உதவி. ஒவ்வொருக்கா எடுக்கேக்கையும் வந்த பூவை ஒரு நூலிலை வரிசையாக் கோத்து வையுங்கோ. பின்னேரம் மாலையைத் தாங்கோ."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வைரவரிட்டை வந்திட்டாய்."

"வைரவரிட்டை இல்லை மாமி, பூவிட்டை."

"எல்லாம் ஒண்டுதான்," என்றாள் மாமி. அன்று பின்னேரமே, மருமகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அருந்ததி முதலில் தானே இருந்து ஐம்பது தரம் எடுத்துப் பார்த்தாள். வெள்ளையும் சிவப்பும் ஏறக்குறைய பாதிபாதி. நல்லது. அந்தப் பூக்களை வைத்து மென்பொருளைச் சோதிக்க ஓர் ஆளை வரவழைத்தாள்.

வந்தவர் கனிசியஸ். குருநகர்க் கடற்றொழிலாளி. கரையோரத்துக்கு ஷெல் விழத் தொடங்கியபின் குடும்பத்தோடு இணுவிலுக்கு வந்து, கிளாலியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் மெற்றில்டாவுக்கு வலிப்பு. பாசையூரில் அவளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மருந்தகத்தில் அவளும் ஒரு முருகேசு.

"தங்கச்சி, மாப்பிளை வீடு அறிஞ்சால் எல்லாம் போச்சு. உங்கடை பெட்டியை நம்பி நான் பேரைச் சொல்லேலாது."

"நம்ப வேண்டாம் அண்ணை. பாருங்கோ."

மகளின் பெயரைத் தட்டினாள். திரையில் பச்சை எழுத்தில் எதற்கும் உதவாத ஒரு குவியல் வந்தது. வள்ளத்தில் பெயர் எழுதும் அளவுக்குக் கனிசியசுக்கு ஆங்கில எழுத்துத் தெரியும். கண்ணைச் சுருக்கி வாசித்தார். "உதென்ன, குடிகாரன் எழுதின மாதிரி?" அவள் பூ வரிசையைத் திரும்பக் கொடுத்தாள். மெற்றில்டா முழுசாக வந்து நின்றாள்.

"அந்தோனியாரே!" கனிசியஸ் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "திரும்ப ஒருக்காப் பூட்டுங்கோ! ஆ, பூட்டியாச்சு! திறவுங்கோ! ஆ!" பற்றறி இறங்கும்வரை அவர் விடவில்லை. போகும்போது வாசலில் நின்று, "பேரை எழுதுங்கோ. ஆனால் பூட்டின தாளை அனுப்ப முதல் எனக்குக் காட்டவேணும்," என்றார்.

கனிசியஸ் ஒத்துக்கொண்டார் என்று அறிந்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். முருகேசுகள் எல்லாம் காதோடு காதாகத் தங்கள் சொந்தப் பெயருக்குத் திரும்பினார்கள். பட்டியலின் முதல் வரியில் அருந்ததி சின்னத்தங்கத்தை அழித்துவிட்டுத் தன் பெயரைத் தட்டினாள். மாமியின் மாலைகள் நாள்தோறும் வந்தன. அருந்ததி அவற்றை ஒரு பூக்கூட விடாமல் கணினிக்குக் கொடுத்தாள். முடிந்த மாலையை வாழைப்பாத்தியில் புதைத்தாள். தானாகவே மக்கிப்போகிற திறப்பு வேறு எந்த நாட்டில் உண்டு என்று அவளுக்கு ஒரே பெருமிதம்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு நடுவில் தாள் தயாராயிற்று. கனிசியஸ் வந்தார். தாளை வாங்கி விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். அவர் முகம் மாறியது.

"தங்கச்சி. உதிலை என்ரை பிள்ளை நிக்கிறாள்."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"இந்தா M. ஒண்டு விட்டு T. அங்காலை L, D. வள்ளத்திலை நானே எழுதின பேர் எனக்குத் தெரியாதோ? சேலையைப் போத்திப்போட்டு முகத்தை வெளியிலை விட்டிருக்கிறியள்!"

அருந்ததி தாளைப் பறித்தாள். அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு பெயரிலும் ஏறக்குறைய பாதி எழுத்துகள் மாறாமல் அப்படியே நின்றன. தன் பெயரைப் பார்த்தாள். அதில் A தெரிந்தது, U தெரிந்தது, TH தெரிந்தது. இது போயிருந்தால்? மீண்டும் ஒரு பொன்னுருக்கு, மீண்டும் ஒரு வீடு.

வெள்ளைதான் காரணம். வெள்ளை வந்தால் எழுத்து மாறாது. அளவுக்கு மிஞ்சி வெள்ளை வந்திருக்கிறது. ஆனால் எப்படி? பூ பொய் சொல்லுமா?

"வெள்ளை கூடத்தானே வரும்," என்றார் கனிசியஸ், கோபம் தீராமலே. "என்ரை வள்ளத்திலை ஏறிற எல்லாரும் பூக்கட்டிப் பாத்து வெள்ளை வந்துதெண்டுதான் சொல்லுகினம். சிவப்பு வந்து திரும்பிப் போனன் எண்டு ஒருத்தனும் எனக்குச் சொன்னதில்லை. உங்கடை சுவாமி ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லுறேல்லைப் போலை."

அருந்ததி ஓடினாள்.

வைரவர் கோயிலடியில் ஒரு பெண் பூ எடுத்துக்கொண்டிருந்தாள். மடிப்பைப் பிரித்தாள். சிவப்பு. அவள் முகம் வாடியது. "அவர் இப்ப நித்திரைத் தூக்கத்திலை இருக்கிறார் பிள்ளை," என்று மாமி அந்தச் சிவப்பை எடுத்து ஓரமாகப் போட்டாள். "ஒரு கற்பூரம் கொழுத்திப்போட்டுத் திரும்ப எடு." இன்னொருமுறை எடுத்தாள். வெள்ளை. மாமி புன்சிரிப்போடு அதை நூலில் கோத்தாள்.

"மாமி!"

"என்னடி கத்துறாய்?"

"அந்தச் சிவப்பு? அதை ஏன் கோக்கேல்லை?"

"இல்லையெண்ட பூவை ஆராவது மாலை கட்டுவினமோ? நீ வேற மருந்துக் காரியத்துக்கு எண்டாய். நல்லதாப் பாத்துக் கோத்தன். மூண்டுதரமும் சிவப்பே வந்தால்தான் சிவப்பைக் கோத்தன்."

அருந்ததி நிலத்தில் குந்திவிட்டாள். பிழை மாமியுடையதா? இல்லவே இல்லை. சோதிக்காமல் எதையும் நம்பாதவள் என்று ஊருக்குள் மார்தட்டியவள், முதல்நாள் ஐம்பது பூவை எண்ணிவிட்டு, அதன் பின் ஒன்றையும் எண்ணவில்லை. பூ நியாயமானது, ஆகவே மாலையும் நியாயமானது என்று கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டவள் அவள்தான். பூவுக்கும் மாலைக்கும் நடுவில் ஒரு மனுசி இருக்கிறாள், அந்த மனுசிக்கு அழுகிற பெண்ணிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

"மாமி, வந்ததை வந்தபடி கோத்து வையுங்கோ."

"ஏலாது. கொழும்புக்குப் போற பிள்ளையைச் சிவப்போடை அனுப்பச் சொல்லுறியோ?"

"அவையள் வெள்ளை வருமட்டும் எடுக்கட்டும், எத்தினைதரமெண்டாலும் எடுக்கட்டும். நான் கேக்கிறது முதல் பூவை மட்டும். முதலிலை வந்தது எனக்கு. பேந்து வாறது அவைக்கு."

மாமி யோசித்தாள். நடுங்கிக்கொண்டிருந்த மருமகளின் கையைப் பார்த்தாள். அந்த நடுக்கம் எதனால் என்று அவளுக்குத் தெரியும். "சரி," என்றாள் கடைசியில். "முதல் பூ அவர் சொல்லுறது. மிச்சம் நாங்கள் அவரைக் கெஞ்சிறது. முதல் பூவைத் தாறன்."

இந்த முறை அருந்ததி ஒவ்வொரு மாலையையும் எண்ணினாள். சில நாள் சிவப்பு மிஞ்சியது, சில நாள் வெள்ளை மிஞ்சியது, மொத்தத்தில் இரண்டும் சமமாகவே நின்றன. மாலைகள் பார்க்க அவலட்சணமாக இருந்தன. மாமிக்கு அவற்றைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் வர வெட்கம். அருந்ததிக்கோ அவற்றைக் கண்டால் துள்ளவேண்டும்போல் இருந்தது. கார்த்திகையில் டொக்டர் பொன்னம்பலம் செஞ்சிலுவைச் சங்கத்து மருந்துக் கப்பலில் ஒரு கிழமைக்கு வந்தார். பூ வரிசை முழுவதையும் மென்பொருளோடு ஒரு தட்டில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். கப்பலிலும் சோதனை உண்டு, ஆனால் திறப்பு மட்டும் அகப்பட்டால் அதில் ஒரு பெயரும் இராது. அவர் போய்ச் சேர்ந்த செய்தி வந்ததும் பட்டியலைப் பூட்டித் தாளில் எழுதினாள். கனிசியஸ் தாளைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார். ஒருவரையும் காணவில்லை. அருந்ததி தன்னிடமிருந்த பூ வரிசையையும் பட்டியலையும் அழித்தாள். இனி அந்தத் தாளை அவளாலேயே வாசிக்க முடியாது.

கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பிய தாள் ஒரு கிழமையில் திரும்பி வந்தது. வவுனியாச் சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்களாம். இரகசியக் குறியில் எழுதியது ஒன்றும் போகக்கூடாதாம். அமெரிக்காவில் அனுப்பத் தடை, இங்கே பயன்படுத்தத் தடை. அலுமாரியில் கடைசிப் போத்தல்.

"நானே போறன்," என்றாள் அருந்ததி.

தை மாதம். சண்டை ஓய்ந்திருந்த நாட்கள். கிளாலிக் கடலில் கனிசியசின் வள்ளம் பகல் வெளிச்சத்தில் போயிற்று. சனம் பாட்டுப் பாடாத குறை. சாவடி வரிசையில் இணுவில் ஆட்கள் பலர் நின்றார்கள். அவளுக்குச் சரி பின்னால் ரியூசன் வாத்தியார் நடராசா. அவர் அறிந்தால் வானொலி வேண்டாம்.

இளம் அதிகாரி ஒருவன் தாளை விரித்தான். ஆங்கிலத்தில் பேசினான்.

"இது என்ன?"

"நோயாளர்களின் பெயர்கள்."

"வாசியுங்கள்."

"என்னால் முடியாது. பூட்டியபின் திறப்பை அழித்துவிட்டேன்."

"எழுதியவருக்கே வாசிக்க முடியாதா?"

"முடியாது! அதுதான் இதன் அழகு!" என்றாள் அருந்ததி. அந்த உற்சாகத்தில் அவளுக்குப் பயம் மறந்துபோயிற்று. கொழும்பில் இருக்கும் வைத்தியர் ஒருவரிடம் மட்டுமே திறப்பு இருப்பதையும், எந்த வரியையும் தனியாகத் திறக்கலாம் என்பதையும், ஒரு வரியிலும் பெயரைத் தொடாமல் மருந்தளவை மட்டும் திறக்கலாம் என்பதையும் கைகால் ஆட்டி விளக்கினாள். "தொலைபேசியில் கேளுங்கள். எந்த வரியையும் நீங்களே தெரிவுசெய்யுங்கள்!"

அதிகாரிக்கும் ஆர்வம் பிடித்துவிட்டது. எண்ணைச் சுழற்றினான். நடுவில் ஒரு வரியைத் தொட்டு, அதன் கடைசி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். அந்தப் பக்கம் டொக்டர் பொன்னம்பலம் பூ வரிசையைத் தேடிக் கணக்குப் பார்த்தார். இரண்டு, என்றார். இன்னொரு வரி. மூன்று. இன்னொன்று. இரண்டு.

அதிகாரி தொலைபேசியைக் கையால் பொத்தினான். "எண்கள் சரி. ஆனால் இவை மாத்திரைகள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தோட்டாக்களாகவும் இருக்கலாம்." வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனையையும் அவள் முன்னால் வைத்தான். "பெயர்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இதில் எழுதுங்கள். இப்போதே போகலாம்."

மனப்பாடம்தான். ஒவ்வொரு பெயரும், ஊரும், அந்தப் பெயரைக் காதில் சொன்ன குரலும்கூட. பேனை பக்கத்தில் கிடந்தது. பின்னால் நடராசா வாத்தியார் கழுத்தை நீட்டினார்.

அருந்ததி பேனையைத் தொடவில்லை.

"முதல் வரியைக் கேளுங்கள்," என்றாள். "முழு வரியையும். அதில் என்ன இருக்கிறது என்று நான் முன்கூட்டியே சொல்கிறேன். அருந்ததி சோமசேகரம். இணுவில். வலிப்பு நோய். நாளுக்கு மூன்று மாத்திரை." கைப்பையைத் திறந்து போத்தலை மேசையில் வைத்தாள். அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு திரும்பி, அதையே தமிழில், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள். "எனக்கு வலிப்பு. ஒன்பது வயசிலையிருந்து. என்ரை பேரை நான் திறக்கலாம். மற்றவையின்ரை பேரைத் திறக்க எனக்கு உரிமையில்லை."

அதிகாரி முதல் வரியை எழுத்தெழுத்தாகச் சொன்னான். பொருளற்ற குவியல். பிறகு தொலைபேசியில் வந்ததை அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கினான். A. R. U. N. அவன் குரல் எழுத்துக்கு எழுத்து ஏறிற்று. கடைசி எழுத்தைச் சொன்னபோது தன்னை மறந்து மேசையில் தட்டினான். போத்தலில் எழுதியிருந்த அளவும் மூன்று.

தாளை மடித்து அவளிடம் நீட்டினான். "இந்தத் திறப்பை எதனால் செய்தீர்கள்?"

"பூவால்," என்றாள் அருந்ததி.

அவன் சிரிக்கவில்லை. வழி விட்டான்.

தாளைக் கொழும்பில் கொடுத்து, முதல் தொகுதி மருந்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் திரும்பும்போது கிளாலியில் கனிசியஸ் காத்திருந்தார். செய்தி அவளுக்கு முன்னால் கடல் தாண்டிவிட்டது. பாதிக் கடலில், "மெற்றில்டாவின்ரை பேரைச் சொல்லியிருந்தால் நீங்கள் தப்பியிருப்பியள்," என்றார்.

"அண்ணை, தண்ணி உள்ளுக்கு வருது. வள்ளத்தைப் பாருங்கோ."

வீட்டுப் படலையில் மாமி நின்றாள். "ஊரெல்லாம் உன்ரை கதைதான். செல்வநாயகம் நாளைக்குக் காலமை மருந்தகத்துக்கு வாறாராம், உன்னை நிப்பாட்ட."

காலையில் அருந்ததி வேண்டுமென்றே நல்ல சேலை உடுத்திப் போனாள். ஒழுங்கை முடக்கில் திரும்பியவள் நின்றுவிட்டாள். மருந்தக வாசலிலிருந்து வீதிவரைக்கும் சனம். தெரிந்த முகங்கள் கொஞ்சம். தெரியாதவை நிறைய. முக்காட்டை இழுத்து மூடியிருந்த பெண்கள், பிள்ளையைத் தோளில் சாய்த்த தகப்பன்மார், சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள். இத்தனை வருடம் பேயென்றும் சாபமென்றும் அறைக்குள் பூட்டிவைத்திருந்த பிள்ளைகளை அன்று வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஒரு தாய் அவள் கையைப் பிடித்தாள். "தங்கச்சி, உங்களைப் போலை எனக்குச் சத்தமாச் சொல்லத் துணிவில்லை. என்ரை பிள்ளையின்ரை பேரையும் பூட்டி விடுங்கோ."

நிறுத்த வந்த செல்வநாயகம் வாசற்படியில் சனத்துக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "வரிசையைக் குழப்பாதேங்கோ! பிள்ளைக்கு உள்ளுக்குப் போக வழி விடுங்கோ!" என்று அதட்டினார்.

அன்று பின்னேரம் அருந்ததி தம்பிக்கு எழுதினாள்: 'உன் அரசாங்கத்திடம் சொல்லு. இணுவிலில், வைரவர் கோயிலடியில், ஓர் அலரி மரத்துக்குக் கீழே ஆயுதத் தொழிற்சாலை ஒன்று உரிமம் இல்லாமல் நடக்கிறது. புதிய பட்டியல் நீளமாக இருப்பதால் உற்பத்தியைக் கூட்டவேண்டியிருக்கிறது.'

எழுதி முடித்து அடுத்த வளவுக்குக் குரல் கொடுத்தாள். "மாமி! நாளையிலையிருந்து இரண்டு நூல் வேணும்!"

"முதல் பூத்தானேடி?" என்று மாமி திரும்பக் கத்தினாள்.